தென்கடல் வங்கியின் பூரண நலம்

சிங்கப்பூர் தென்கடல் வங்கியில் ஜலாலுதீனுக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயர் பப்ளிசிட்டி ஆபீசர். அப்படியென்றால் என்ன வேலை என்று அவருடைய மைத்துனர் ஒருமுறை கேட்டார். வங்கியைப் பற்றி வெளியாருக்கு எடுத்துச் சொல்லும் வேலை என்றார் ஜலாலுதீன். அடுப்படியில் இருந்த ருக்கையா அங்கிருந்தபடியே திருத்தினாள்: வெளியார் எதையும் தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியாதது சம்பளம் கொடுக்கிறவனுக்கா தெரியப்போகிறது?

மனிதர் அதற்கு முன் எட்டு வருஷம் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் துணை ஆசிரியராகக் குப்பை கொட்டியவர். 1957-ல் வங்கி அவரை இரட்டைச் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டது. அந்தச் சம்பளம் தண்டமில்லை. ஜலாலுதீன் பேனாவைத் தொட்டால் போதும், எப்பேர்ப்பட்ட அசிங்கமும் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து நிற்கும். காசாளர் கல்லாவை வழித்துக்கொண்டு கப்பலேறிய வருஷம், 'காசாளர் நீண்ட விடுப்பில் சென்றுள்ளார்' என்று வாசல் பலகையில் ஒட்டினார். அடைமழையில் பின்கட்டுக் கூரை பொத்தென்று விழுந்தது. 'கட்டடப் புதுப்பிப்புப் பணி தொடங்கியது' என்று பத்திரிகையில் வந்தது. கிள்ளான் கிளைக்கு ஈ காக்கை வராமல் இழுத்து மூடினார்களே, அது 'தலைமையகத்தை வலுப்படுத்தும் பொருட்டு'. இதில் எதையாவது பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஜலாலுதீனுக்கு அதில்தான் பெருமை. தன் பேனா இதுவரை ஒரு பொய் எழுதியதில்லை என்று ஒரு நோன்புகூட விடாதவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். கழுவின மீனில் நழுவின மீன்.

எழுத்து மட்டுமில்லை, குரலும் அவருடையதுதான். 1960-ல் வங்கிக்கு வைப்புப் பணம் சேர்க்க ஒரு வேனில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஆறு மாதம் சுற்றினார். சலவைத் தொழிலாளர் குடியிருப்பு, மாட்டுக் கொட்டகைகள், துறைமுகத் தொழிலாளர் வரிசை வீடுகள் என்று ஓர் இடம் பாக்கியில்லை. பாய்க்கு அடியில் வைத்த காசு அப்படியே கிடக்கும், வங்கியில் போட்டால் குட்டி போடும் என்று முழங்கினார். ஜனங்களும் நம்பிப் பாயைத் தூக்கினார்கள். தேக்கா சந்தைப் பக்கம் இடியாப்பமும் புட்டும் விற்கிற மங்களம்தான் முதல் ஆளாக வந்தாள். புருஷன் போன பிறகு தனி ஆளாக நின்று காலூன்றியவள். கூடையைத் தூக்கிக்கொண்டு அலையாமல் சந்தைக்குள்ளேயே தண்ணீர்க் குழாயோடு ஒரு கடை பிடிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கான காசைத்தான் போட்டு வந்தாள்.

இவ்வளவு முழங்கிய ஜலாலுதீனின் காசு அந்த வங்கியில் ஒரு சல்லிகூட இல்லை. டன்லப் ஸ்திரீட்டில் அவர் குடியிருந்த மாடிவீட்டின் படியில் வட்டி ஏறக்கூடாது என்பது ருக்கையாவின் சட்டம். அப்படியானால் வட்டிக்கு விடுகிற இடத்தில் வாங்கும் சம்பளம்? அது எழுதுவதற்கான கூலிதானே என்று ஜலாலுதீன் வாதாடிப் பார்த்தார். அதைப் பற்றி மறுமையில் கேட்டால் நீங்களே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் முடித்துவிட்டாள். அவளுடைய சொந்தக் காசு, ரவிக்கையும் மலாய்ப் பெண்களின் பாஜு சட்டையும் தைத்துத் தைத்துப் பதினோரு வருஷமாகச் சேர்த்தது, கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருந்தது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி. அடுத்த வருஷம் தாயாரோடு ஹஜ்ஜுக்குப் போகக் கப்பல் கட்டணம். பெயர் கொடுத்தாயிற்று. பணம் கட்டவேண்டியதுதான் பாக்கி.

வினை வந்தது மயிர் வடிவத்தில்.

வங்கியின் நிறுவனர் கோவிந்தசாமிக்கு எழுபத்தாறு வயது. சிராங்கூன் ரோட்டில் எல்லோருக்கும் அவர் பெரியவர். மகன் பாலகிருஷ்ணன் லண்டனில் கணக்குப் படித்துவிட்டு வந்து நிர்வாக இயக்குநராக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. வங்கியின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கவேண்டும் என்றார். ஊரில் போகிறவன் வருகிறவனெல்லாம் எனக்குப் பங்காளியா என்று பெரியவர் எகிறினார். சண்டை முற்றியது. பெரியவர் ஓவன் ரோட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார். மூன்று மாதமாக வங்கிப் பக்கம் தலைகாட்டவில்லை, மகனோடு ஒரு பேச்சுமில்லை. பாலகிருஷ்ணன் அசரவில்லை. அரசாங்கத்தில் மனுப் போட்டார், கூடவே டாங்க் ரோடு கோயில் முருகனிடமும் மனுப் போட்டார். அனுமதி கிடைத்தால் முடி காணிக்கை. 1962 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. லண்டன் படிப்பு என்றாலும் கொடுத்த வாக்கு வாக்குதான். அவர் தலையைக் கொடுத்தார். நாவிதர் கை ஓடிய வேகத்தில் மீசையையும் எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பளபளக்கும் தலையோடு பாலகிருஷ்ணன் வங்கிக்குள் நுழைந்தார். ஜலாலுதீனுக்கு மனசு நிறைந்துபோனது. அவர் வீட்டில் மொட்டை என்றால் மாமனார் மக்காவிலிருந்து திரும்பி வந்த நாள்தான். அன்றைக்கு அந்தத் தலையைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. சிராங்கூன் ரோட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு மீசையும் இல்லாத மொட்டைக்கு இன்னொரு காரணம் உண்டென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. அவர் மண்டைக்குள் தலைப்பு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. படக்காரரை வரவழைத்து, பங்கு விண்ணப்பத் தாள்களை மேசையில் பரப்பி, இன்னும் கொஞ்சம் சிரிங்க சார் என்று கெஞ்சி வாங்கி, ஒரு படம் எடுத்தார். செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் மூன்று பத்தி அகலத்துக்கு அது வந்தது. 'தென்கடல் வங்கி: இனி எல்லோருக்கும் பங்கு.'

தலைப்பை எவன் படித்தான்? தேக்காவில் மீன்கடை திறப்பதற்குள் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. தலைமுடியும் இல்லை மீசையும் இல்லை, அப்பன் செத்தாலொழிய மூத்த மகன் இந்தக் கோலத்துக்கு வருவானா? பெரியவரைக் கண்ணால் பார்த்து மூன்று மாதமாயிற்றே. செத்துப்போய்விட்டார். காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்துவிட்டார்கள். பங்கு விற்று முடிகிறவரை வெளியே சொல்லமாட்டார்கள். அந்தச் சிரிப்பைப் பார், சொத்து கைக்கு வந்த சிரிப்பு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது.

பெரியவர் இல்லாத வங்கியில் யாருக்குக் காசை விட்டுவைக்க மனசு வரும்? ஒன்பது மணிக்குக் கதவு திறந்தபோது நாற்பது பேர் நின்றார்கள். பத்து மணிக்கு வரிசை காளியம்மன் கோயிலைத் தொட்டுவிட்டது. ஜலாலுதீன் பதறாமல் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதி, தட்டச்சு செய்து, வாசலில் ஒட்டினார். 'எங்கள் நிறுவனர் உயர்திரு கோவிந்தசாமி அவர்கள் பூரண நலத்துடன் உள்ளார். வங்கியும் பூரண நலத்துடன் உள்ளது. பொதுமக்கள் பீதியடையத் தேவையில்லை.'

அரை மணி நேரத்தில் வரிசை இரண்டு மடங்கானது.

எழுதியது அத்தனையும் உண்மை. பின் ஏன்? காரணம் புரியாமல் வரிசையோடு நடந்துபோய்ப் பார்த்தார். கோயிலையும் தாண்டி வால்பக்கத்தில் மங்களம் நின்றாள். வியாபாரம் முடித்துவிட்டு வந்ததால் கடைசி. காலிக் கூடை இடுப்பில், பாஸ்புத்தகம் முந்தானை முடிச்சில். வீட்டுக்குப் போங்கக்கா, பயப்பட ஒன்றுமில்லை என்றார் ஜலாலுதீன்.

"பாய், நீண்ட விடுப்புன்னு எழுதினீங்க. அந்தாளு மெட்ராசுல போலீஸ்ல பிடிபட்டான். கட்டடம் புதுப்பிக்கிறோம்னு எழுதினீங்க. வந்து பார்த்தா மேல கூரையே இல்ல. இப்ப பூரண நலம்னு எழுதியிருக்கீங்க. நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

"இது நெசம்க்கா."

"எல்லாமே நெசம்தான் பாய். நீங்க எழுதினா அதுல என்ன இல்லேன்னுதான் நாங்க தேடிப் படிப்போம். பேங்குக்கு என்ன கேடுன்னு யாருமே கேக்கல. நீங்கதான் அதுவும் நல்லாருக்குன்னு எழுதினீங்க."

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முன்னால் நின்ற பால்காரர் அழகப்பன்தான் அதிகமாகச் சிரித்தார். ஜலாலுதீனுக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து வருஷமாகத் தான் எழுதியதை யாரும் கவனித்துப் படிப்பதில்லை என்று அவருக்கு ஒரு குறை உண்டு. படித்திருக்கிறார்கள். வரிக்கு வரி படித்து, அதைத் திருப்பிப் போட்டுப் படிக்கப் பழகியும் இருக்கிறார்கள்.

வெட்கத்தைவிடப் பெரிய விஷயம் வங்கிக்குள் இருந்தது. எந்த வங்கியும் போட்ட காசை எல்லாம் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்காது. கடைக்கும் லாரிக்கும் வீட்டுக்கும் கடனாகக் கொடுத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கையை நீட்டினால் எந்த வங்கிக்கும் கதி அதோகதிதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தலைமைக் கணக்கர் பார்த்துச் சொன்னார்: இதே வேகத்தில் போனால் புதன்கிழமை மூன்று மணிக்குப் பெட்டி காலி. முன்னால் நிற்கிறவனுக்கு முழுக்காசு, பின்னால் நிற்கிறவனுக்கு நாமம். பின்னால் நிற்பது யார்? காலையில் வேலை முடித்தால்தான் வர முடிகிற சலவைக்காரர்கள், பால்காரர்கள், மங்களம். வேனில் போய் அழைத்துவந்த அதே ஆட்கள். அவர்கள் காசு போனால் அதற்குத் தன் குரல்தான் காரணம் என்று ஜலாலுதீனுக்குத் தெரிந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல அவரிடமே வார்த்தை இல்லை.

மறுநாள் காலை ஓவன் ரோட்டுக்குப் போனார். பெரியவர் சாய்வு நாற்காலியில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பத்திரிகை.

"என்னைப் பொதைச்சுட்டு பல்லை வேற காட்டுறான் பாரு, ஜலாலு."

வங்கிக்கு வந்து ஒருமுறை முகம் காட்டும்படி ஜலாலுதீன் கேட்டுக்கொண்டார். மகனுக்காக ஓர் அடி எடுத்து வைக்கமாட்டேன் என்றார் கிழவர். பிறகு கொஞ்சம் யோசித்தார். தன் சாவைத் தானே போய் மறுப்பது எல்லோருக்கும் வாய்க்கிற பாக்கியமா? எழுதிக் கொடுத்ததைப் படிக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வேட்டியை உதறிக் கட்டினார்.

பதினோரு மணிக்குக் கார் வங்கி வாசலில் நின்றது. பெரியவர் தடியை ஊன்றி இறங்கி வரிசையைப் பார்த்தார். வரிசையும் அவரைப் பார்த்தது. ஜலாலுதீனுக்கு நிம்மதி. அப்போது கூட்டத்தில் ஒருவன், அது பெரியவரில்லை, பினாங்கில் இருக்கிற தம்பி, அதே மூக்கு என்றான். வரிசை இரண்டு கட்சியானது. தம்பிக்குக் காதில் கடுக்கன் உண்டு என்றார் ஒருவர். கடுக்கனைக் கழற்ற எவ்வளவு நேரமாகும் என்றார் இன்னொருவர். பெரியவருக்கு வந்த கோபத்தில் அவர் உதிர்த்த வார்த்தைகளை அச்சில் ஏற்ற முடியாது. பினாங்குக்காரரும் அப்படித்தான் பேசுவார் என்று அதற்கும் ஒரு சாட்சி கிளம்பியது.

மங்களம்தான் வரிசையை விட்டு வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள். இவரேதான், சந்தேகமில்லை என்றாள். தேங்காய்ப்பூ ரெண்டு கை கூடுதலாகக் கேட்டு அதற்குக் காசு கொடுக்காத ஒரே மனிதர் சிங்கப்பூரிலேயே இவர்தானாம். அந்தச் சாட்சியத்தை மறுக்க ஆளில்லை. பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்பது அத்துடன் ஊர்ஜிதமானது.

ஆனால் வரிசையிலிருந்து ஒரு கால்கூட நகரவில்லை. உயிரோடு இருப்பவரை ஏன் மூன்று மாதம் மறைத்து வைத்தார்கள் என்று அடுத்த கேள்வி பிறந்துவிட்டது. அதுவுமில்லாமல் ஒன்றரை நாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு நின்றவன் வெறுங்கையோடு எப்படி வீட்டுக்குப் போவான்? காசு பத்திரமா என்று அழகப்பன் பெரியவரையே கேட்டுவிட்டார்.

பெரியவர் மழுப்பவில்லை. மூன்று மாதமாக உள்ளே என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் எழுதுகிறவன் இவன்தான், இவனைக் கேளுங்கள் என்று தடியால் ஜலாலுதீனைக் காட்டினார். காட்டிவிட்டு உள்ளே போய் மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கோப்பி கேட்டார்.

முந்நூறு முகங்கள் ஜலாலுதீன் பக்கம் திரும்பின. மங்களம் கேட்டாள்.

"பாய், உங்க காசு எங்க இருக்கு?"

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்ற பாலகிருஷ்ணன், வேண்டாம் வேண்டாம் என்று மொட்டைத் தலையை ஆட்டினார். ஜலாலுதீன் நாக்கில் பதில் தயாராகவே இருந்தது. 'என் குடும்பத்தின் வாழ்வே இந்த வங்கியை நம்பித்தான்.' பொய்யில்லை, சம்பளம் இங்கேதானே. கடன்காரனைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிற வாக்கியம். வாயைத் திறந்தார். மங்களத்தின் கை முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தார், வாக்கியம் வெளியே வர மறுத்தது.

"இங்க இல்லக்கா. என் பேருல ஒரு காசு இங்க கிடையாது."

உள்ளே எங்கோ பாலகிருஷ்ணன் நாற்காலியில் விழுந்த சத்தம் கேட்டது. ஜலாலுதீன் மற்றதையும் சொன்னார். வட்டி தங்களுக்கு ஆகாது, அதனால் போடவில்லை, வீட்டில் இருப்பதும் தன்னுடையதில்லை, மனைவியின் ஹஜ்ஜுக் காசு, பிஸ்கட் டின்னில் இருக்கிறது. எங்களுக்கு மட்டும் குட்டி போடும் என்று மைக்கில் கத்தினீர்களே என்று அழகப்பன் கேட்டார். ஆமாம், கத்தினேன் என்றார் ஜலாலுதீன்.

மங்களம் ஒரு வழி சொன்னாள்.

"வட்டி ஆகாதுன்னா வட்டியை விடுங்க பாய். காசைப் போடறதுக்கு என்ன? ருக்கையாம்மா அந்த டின்னைக் கொண்டாந்து போடட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

வரிசை அதை ஆமோதித்தது. ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவனுக்குச் சரியான இடத்தில் ஆப்பு. ஜலாலுதீன் டன்லப் ஸ்திரீட்டைப் பார்த்து நடந்தார். தூரம் ஒன்றுமில்லை, பத்து நிமிஷ நடை. அன்றைக்கு இருபது நிமிஷம் எடுத்தது.

ருக்கையா தையல் இயந்திரத்தில் இருந்தாள். அவர் தொண்டையைச் செருமி, இன்றைய நிலவரம் என்னவென்றால் என்று ஆரம்பித்தார். அறிக்கை வேண்டாம், என்ன வேண்டும் என்று அவள் கேட்டாள். சொன்னார். இயந்திரத்தின் சக்கரம் நின்றது.

அவள் முகத்தைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருஷம். பெருநாளுக்கு ஊரெல்லாம் புதுத்துணி உடுத்தத் தைத்துக் கொடுத்துவிட்டுப் பழைய துணியைக் கட்டிக்கொண்டவள். தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தக் காசு போனால் அந்தக் கிழவி காபாவைப் பார்க்கப்போவதில்லை. இதெல்லாம் அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"பத்திரமா?" என்றாள்.

"எல்லாரும் வீட்டுக்குப் போனா பத்திரம். போகலேன்னா மூணு மணிக்கு பேங்கு இல்ல. உன் ஹஜ்ஜும் இல்ல."

"போவாங்களா?"

"தெரியாது."

ருக்கையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தது, அவள் அதை ஒளிக்கவில்லை. மைக்கில் கத்தப் போகும்போது என்னைக் கேட்டீர்களா என்றாள். இல்லை என்றார். மாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்றாள். திரும்பிப் போய் அதையும் அவர்களிடம் சொல்லுவேன் என்றார். அவள் எழுந்தாள். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்தாள். அவர் கை நீட்டினார்.

"உங்க கையில தர மாட்டேன். நானே வர்றேன்." டின்னின் தூசியைத் தட்டினாள். "கட்டிக்கிட்டு வந்து இத்தனை வருஷத்துல, இன்னிக்குத்தான் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லியிருக்கீங்க."

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு டின்னை மார்போடு அணைத்தபடி அவள் முன்னால் நடந்தாள். ஜலாலுதீன் நாலடி பின்னால். சிராங்கூன் ரோட்டுக்குள் திரும்பியதும் வரிசை அவளைப் பார்த்தது. அதில் பாதிப் பெண்கள் அவளிடம் ரவிக்கை தைத்தவர்கள். மங்களத்திடம் வந்ததும் நின்று, எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாள். நேற்றைக்கும் நின்றேன் என்றாள் மங்களம். ஒன்றரை நாளில் முதல் தடவையாக வரிசை ஒதுங்கி ஓர் ஆளை முன்னால் விட்டது.

எடுக்கிறவர்களையே பார்த்துப் பார்த்துப் பழகிப்போன குமாஸ்தாவுக்குப் போட வந்தவளைப் பார்த்ததும் கை ஓடவில்லை. பணம் கட்டும் தாள்களை எங்கே வைத்தோம் என்று தேடவே ஐந்து நிமிஷம். ருக்கையா நோட்டுகளை அவன் எதிரில் அடுக்கினாள். பிறகு, வட்டி வேண்டாம் என்று புத்தகத்தில் எழுதித் தரவேண்டும் என்றாள். அப்படி எழுத இடமில்லையே என்றான் குமாஸ்தா. பாலகிருஷ்ணன் எழுந்து வந்து, விதிப்படி வட்டியைத் தராமல் இருக்கமுடியாது, இங்கிலீஷ் வங்கியில்கூட இப்படி வழக்கமில்லை என்று விளக்கத் தொடங்கினார். மின்விசிறிக்குக் கீழே இருந்து குரல் வந்தது.

"எழுதுடா. வேணாங்கிறவங்களுக்கு வேணாம்னு எழுத என்னடா விதி?"

மூன்று மாதத்தில் அப்பன் மகனிடம் பேசிய முதல் பேச்சு அது. பாலகிருஷ்ணன் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ருக்கையா பாஸ்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல்படியில் நின்று அதை மங்களத்திடம் கொடுத்தாள். மங்களத்துக்குப் புத்தகத்தின் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எண் தெரியும். ஒன்று, எட்டு, நான்கு, பூஜ்யம் என்று விரல் வைத்துப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அரிசி ஊறப்போட வேண்டும், நேரமாகிறது என்று கூடையை எடுத்துக்கொண்டு தேக்கா பக்கம் போனாள். அவ்வளவுதான். அழகப்பன் மாட்டுக்குப் புல் போடவேண்டும் என்றார். சலவைக்காரர்களுக்கு வெயில் இறங்குவதற்குள் துணி எடுக்கவேண்டும். வரிசை வாலிலிருந்து கரைந்தது. எல்லோரும் போய்விடவில்லை. சிலர் நின்று, எடுத்துக்கொண்டுதான் போனார்கள். மூன்று மணிக்குக் கதவு சாத்தும்போது பதினோரு பேர் மிச்சம், அவர்களுக்கும் கொடுத்தாயிற்று. பெட்டியில் இன்னும் காசு இருந்தது.

ஜலாலுதீன் மனைவியை ரோடு தாண்டிக் கொண்டுவிடப் போனார். நன்றி சொல்ல நினைத்தார். வாயில் வந்ததெல்லாம் அறிக்கை மாதிரியே இருந்ததால் பேசாமல் நடந்தார். ருக்கையா பாஸ்புத்தகத்தைக் காலி டின்னுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

"இத்தனை நாளு நீங்க எழுதறதை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்ல," என்றாள். "இனிமே நானும் படிக்கணும்லா."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொன்னாளோ சும்மா சொன்னாளோ, ஜலாலுதீன் அதைச் சுமந்துகொண்டுதான் வங்கிக்குத் திரும்பினார்.

நாலரை மணிக்கு பாலகிருஷ்ணன் கூப்பிட்டனுப்பினார். மனிதர் பிழைத்துக்கொண்ட குஷியில் இருந்தார். நாளைக் காலை வாசலில் ஒட்டவும் பத்திரிகைக்குக் கொடுக்கவும் அறிக்கை வேண்டும், முன்னெப்போதையும்விட வலுவாக நிற்கிறோம், மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை, இந்த மாதிரி நாலு வரி, உங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா என்றார். ஜலாலுதீன் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். வழக்கமாகப் பத்து நிமிஷ வேலை. ஆறு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு ஐந்தரைக்கு ஒரு தாளோடு வந்தார்.

'இரண்டு நாளாகப் பணம் கேட்ட எல்லோருக்கும் கொடுத்தோம். இப்போது பெட்டியில் இருப்பது ஒரு நாளைக்குத்தான் காணும். மற்றது கடைகளுக்கும் லாரிகளுக்கும் வீடுகளுக்கும் கடனாகப் போயிருக்கிறது, மாதாமாதம் திரும்பி வருகிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் எங்களால் கொடுக்க முடியாது. பெரியவர் கோவிந்தசாமி உயிரோடு இருக்கிறார். முழங்கால் வலி. மகன் முடி எடுத்தது வேண்டுதலுக்கு. அந்தப் படத்தைப் போட்டது என் தவறு. ஜலாலுதீன்.'

பாலகிருஷ்ணன் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார். முழங்கால் எதற்கு என்றார். ஒரு நாளைக்குத்தான் காணும் என்று எந்த வங்கியாவது வாசலில் ஒட்டுமா என்றார். கொடுக்க முடியாது என்ற இடத்தில் பென்சிலை ஊன்றினார்.

"இதைப் படிச்சா ஜனங்க பயப்பட மாட்டாங்களா?"

"பயப்படுவாங்க சார்."

"அப்புறம் எதுக்கு எழுதுறீங்க?"

"நாளைக்கு என் வீட்டுக்காரி வந்து படிப்பா."

பாலகிருஷ்ணன் அவரை அண்ணாந்து பார்த்தார். பென்சில் தாளின் மேலேயே நின்றது, கோடு இழுக்கவில்லை. ஜலாலுதீன் அந்தத் தாளை அவர் கைக்கு அடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு, பசை டின் எங்கே என்று பியூனிடம் கேட்கப் போனார்.